கோணல் வயலை டேப்பால் அளந்து இரண்டாகப் பிரித்த கதை

வலங்கைமான் பக்கம், குடமுருட்டிப் பாசனத்தில் மாமாவுக்கு ஒரு வயல் இருக்கிறது. பெயருக்கு நான்கு மூலை. ஆனால் எந்த இரண்டு வரப்பும் இணையாகப் போகாது. வடக்கே அகலமாகத் தொடங்கி, தெற்கே போகப் போக ஒடுங்கும். கிழக்கு ஓரத்தில் ஓடும் வாய்க்கால் நேராக ஓடாமல் வயலுக்குள் வளைந்து நுழைந்து வெளியே போகும். "பத்துக் குழி குறைய ரெண்டு மா" என்பதுதான் இந்த வயலுக்குப் பரம்பரையாகச் சொல்லி வரும் அளவு. நடவுக் கூலி, குத்தகை நெல் எல்லாமே அந்தக் கணக்கில்தான் நடந்தது.

இப்போது மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று மாமா முடிவு செய்தார். பாதி என்றால் முதலில் முழுசு தெரிய வேண்டுமே. உளுந்து எடுத்து முடித்து, தரை காய்ந்து வெடிப்பு விட்டிருந்த சித்திரை மாதம் அதற்குத் தோதான நேரம். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்ந்துவிட்டால் அப்புறம் குறுவைச் சேற்றில் டேப் பிடிக்க முடியாது.

இந்தப் பகுதிக்கு வெளியே இருப்பவர்களுக்காக அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். 12 அடிக் கோலுக்கு 12 அடிக் கோல், அதாவது 144 சதுர அடி, ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஏக்கர் கணக்கில் சொன்னால் ஒரு ஏக்கருக்கு 302½ குழி. ஒரு மா என்பது 33 சென்ட்டுக்குச் சற்று மேல். சென்ட் என்றால் 435.6 சதுர அடி. கோலின் நீளம் மாறும் ஊர்களில் குழியும் மாறும். அதனால் யாராவது குழி என்று சொன்னால் எத்தனை அடிக் கோல் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கையில் இருந்தவை: 100 அடி ஃபைபர் டேப், ஆள் உயரத்துக்குச் சில சவுக்குக் கம்புகள், மூலைக்கு அடிக்க முளைக்குச்சிகள், ஒரு கட்டு நைலான் கயிறு, நோட்டு, பென்சில், போன் கால்குலேட்டர். போனில் வரும் ஜி.பி.எஸ். செயலியை வைத்து வயலைச் சுற்றி நடந்தாலே அளவு வந்துவிடும் என்று மாமாவின் மகன் சொன்னான். பத்து ஏக்கர் தோப்புக்கு அது பரவாயில்லை. இந்த வயலின் சுற்றளவு 665 அடி. சுற்றிலும் ஒரே ஒரு அடி வெளியே தள்ளிக் காட்டினாலும் 665 சதுர அடி, ஒன்றரை சென்ட் கூடிவிடும். போன் ஒரு அடிக்குள் சரியாக நிற்பதில்லை. தென்னை மரத்தடியில் கேட்கவே வேண்டாம்.

நான்கு பக்கம் மட்டும் போதாது

முதலில் நான்கு வரப்பையும் அளந்தோம். வடமேற்கு மூலையை அ என்று வைத்து, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் ஆ, இ, ஈ என்று பெயர் கொடுத்தேன்.

வடக்கு வரப்பு (அ–ஆ) 214 அடி
கிழக்கே வாய்க்கால் ஓரம் (ஆ–இ), கயிறு கட்டி நேராக, 168 அடி
தெற்கு வரப்பு (இ–ஈ) 131 அடி
மேற்கு வரப்பு (ஈ–அ) 152 அடி

மாமா உடனே மனக்கணக்குப் போட்டார். அகலத்தையும் அகலத்தையும் கூட்டிப் பாதி, நீளத்தையும் நீளத்தையும் கூட்டிப் பாதி, இரண்டையும் பெருக்கு. 214-ம் 131-ம் சேர்ந்து பாதி 172½. 168-ம் 152-ம் சேர்ந்து பாதி 160. பெருக்கினால் 27,600 சதுர அடி, 191 குழிக்குச் சற்று மேல். "பாத்தியா மாப்ளே, பத்துக் குழி குறைய ரெண்டு மா. தாத்தா சொன்னது தப்பாப் போகுமா?" என்றார்.

தாத்தாவும் இதே வழியில்தான் கணக்குப் போட்டிருப்பார் என்பதைத்தான் அது காட்டுகிறது. இந்த முறை சரியான செவ்வகத்துக்கு மட்டுமே சரியான விடை தரும். மற்ற எல்லா நாற்கரத்துக்கும் கூடுதலாகத்தான் காட்டும், குறைவாக ஒருபோதும் காட்டாது. காரணம் எளிது. மேற்கு வரப்பும் வாய்க்கால் ஓரமும் சாய்வாக இறங்குகின்றன. சாய்ந்த வரப்பின் நீளத்தை எடுத்தால் 160 வருகிறது. வடக்கு வரப்புக்குச் செங்குத்தாக இறங்கி அளந்தால் ஒரு மூலைக்கு 162½ அடி, இன்னொரு மூலைக்கு 146 அடி, சராசரி 154 அடிதான். சாய்வு கூடக் கூட இல்லாத நிலம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

இது நம் ஊர்ப் பெரியவர்கள் மட்டும் போட்ட கணக்கு இல்லை. பழைய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டு எழுதிய நூலிலேயே எதிர்ப்பக்கங்களின் சராசரியைப் பெருக்கும் முறை இருக்கிறது. ஆனால் அதைத் தோராயமான பரப்பு என்று சொல்லிவிட்டு, அடுத்ததாகவே துல்லியமான பரப்புக்கு வேறு வழி கொடுக்கிறார்: நான்கு பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதியை எடு, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழி, கிடைக்கும் நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் காண். நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும் நாற்கரத்துக்குத்தான் இது பொருந்தும். அந்த நான்கு நீளங்களை வைத்து அடைக்கக்கூடிய மிகப் பெரிய பரப்பும் அதுவே. மாமாவின் வயலுக்கு அப்படிப் போட்டால் 26,627 சதுர அடி வருகிறது. அதாவது இந்த நான்கு வரப்புகளையும் எப்படிச் சாய்த்து வளைத்து வைத்தாலும் 26,627-ஐத் தாண்டவே முடியாது. 27,600 என்ற நிலம் இந்த வரப்புகளுக்குள் இருக்க வாய்ப்பே இல்லை. மாமாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் அன்று அதிக நேரம் ஆனது.

சரி, அப்படியானால் உண்மையான பரப்பு என்ன? நான்கு பக்கத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ஆணி தளர்ந்த கயிற்றுக் கட்டிலைப் போலத்தான் நாற்கரம்; நான்கு சட்டங்களின் நீளமும் மாறாமலே சாய்ந்து ஒடுங்கும். முக்கோணம் அப்படி ஆடாது. மூன்று பக்கமும் தெரிந்துவிட்டால் உருவமும் பரப்பும் ஒன்றே ஒன்றுதான். எனவே மூலைக்கு மூலை ஒரு குறுக்குக்கோடு அளந்து வயலை இரண்டு முக்கோணமாக ஆக்க வேண்டும். அந்த ஒரு அளவு இல்லாமல் யார் எந்தக் கணக்கைப் போட்டாலும் ஊகம்தான்.

குறுக்குக்கோடு

அ மூலையிலிருந்து இ மூலைக்குக் குறுக்கே அளக்க வேண்டும். டேப் 100 அடிதான், தூரம் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். வரப்பு இல்லாத நடுவயலில் டேப்பைத் துண்டு துண்டாகப் போடும்போது நேர்கோட்டை விட்டு விலகினால் தூரம் கூடிவிடும். அதற்கு நாங்கள் செய்தது: இரண்டு மூலைகளிலும் கம்பு நட்டு, ஒருவர் அ மூலைக் கம்புக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பது, நடுவில் கம்பு வைத்திருப்பவரைக் கையசைத்து இடம் வலம் நகர்த்துவது, மூன்று கம்பும் ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்து ஒரே கம்பாகத் தெரிந்தால் அதுதான் நேர். இடையில் இப்படி இரண்டு கம்புகள் நட்டுக்கொண்டால் டேப் தடம் மாறாது.

ஃபைபர் டேப்பை அளவுக்கு மீறி இழுத்தால் நீளும், தொய்வாக விட்டால் வயிறு போடும். இரண்டு முனையிலும் இருப்பவர்கள் எல்லா அளவுக்கும் ஒரே மாதிரி இழுக்கப் பழகிக்கொண்டால் போதும். காற்று கிளம்பினால் டேப் பக்கவாட்டில் வளையும் என்பதால் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டோம். வெயிலுக்கும் அதுதான் நல்லது. வரப்பு குறுக்கே வரும் இடத்தில் டேப்பை வரப்பின் மேல் ஏற்றி இறக்காமல், தூக்கிப் பிடித்துக் கிடையாக அளக்க வேண்டும். டெல்டாவில் தரை பலகைபோல் இருப்பதால் மேடு பள்ளத் தொல்லை அதற்கு மேல் இல்லை.

அ–இ 236 அடி வந்தது.

இனி ஒன்பதாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் வரும் ஹெரான் சூத்திரம். பள்ளியில் படித்தபோது இது எதற்கு என்று பலரும் நினைத்திருப்போம். செங்கோணமும் வேண்டாம், உயரமும் வேண்டாம். மூன்று பக்கம் தெரிந்தால் பரப்பு வந்துவிடும். பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு. அந்தப் பாதியையும், அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து வரும் மூன்று எண்களையும் பெருக்கு. வர்க்கமூலம் எடு. நினைவில் சந்தேகம் வந்தால் 3, 4, 5 பக்கமுள்ள முக்கோணத்தில் போட்டுப் பார்க்கலாம்: பாதி 6, கழித்தால் 3, 2, 1, பெருக்கினால் 36, மூலம் 6. மூன்றையும் நான்கையும் பெருக்கிப் பாதியாக்கினாலும் 6.

வாய்க்கால் பக்க முக்கோணம் அ–ஆ–இ:
பக்கங்கள் 214, 168, 236. பாதிச் சுற்றளவு 309. கழித்தால் 95, 141, 73.
309 × 95 × 141 × 73 = 30,21,51,015. மூலம் 17,382 சதுர அடி.

மேற்குப் பக்க முக்கோணம் அ–இ–ஈ:
பக்கங்கள் 236, 131, 152. பாதிச் சுற்றளவு 259½. கழித்தால் 23½, 128½, 107½.
பெருக்கி மூலம் எடுத்தால் 9,178 சதுர அடி.

இரண்டும் சேர்ந்து 26,560. மாமாவின் கணக்கைவிட 1,040 சதுர அடி குறைவு. பிரம்மகுப்தரின் உச்ச வரம்புக்கும் கீழே இருக்கிறது.

இதோடு நிறுத்தாமல் இன்னொரு குறுக்குக்கோட்டையும், ஆ–ஈ, அளந்தோம். 227 அடி. இதை வைத்து வயலை வேறு இரண்டு முக்கோணங்களாக வெட்டினால் 15,673, 10,896, மொத்தம் 26,569. முதல் கணக்குக்கும் இதற்கும் ஒன்பதே சதுர அடி வித்தியாசம். என் கருத்தில் வயல் அளப்பவர்கள் விடவே கூடாத படி இது. ஒரு பக்கத்தில் பத்து அடியை விட்டுவிட்டு எழுதியிருந்தால் இந்த இடத்தில் இரண்டு விடைகளும் பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். வேலை என்று பார்த்தால் இன்னொரு முறை டேப் போடுவது மட்டும்தான்.

குறுக்குக்கோடு போட்டு முக்கோணமாக்கி அளப்பது அரசு அளவையிலும் உள்ள வழிதான். கிராமப் புலப்படத்தைப் பார்த்தால் வயலுக்கு நடுவே போகும் நீண்ட கோடுகளும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் செங்குத்தாக எடுத்த சிறு தூரங்களும் குறித்திருக்கும். பெரிய அளவில் இதே முக்கோணங்களை வைத்துத்தான் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் 1802-இல் பரங்கிமலைப் பக்கம் தொடங்கி நாட்டையே அளக்கப் புறப்பட்டார். காவிரிச் சமவெளிக்கு வந்தபோது ஏறி நின்று பார்க்க ஒரு குன்று கிடையாது, எங்கு திரும்பினாலும் தென்னை. கோயில் கோபுரங்களின் மேல்தான் கருவியை ஏற்றிக் கோணம் பார்க்க வேண்டியிருந்தது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட் என்ற அந்தப் பெரிய கோணமளக்கும் கருவியைக் கயிற்றில் ஏற்றும்போது அது சுவரில் மோதி நசுங்கியது. அதை லாம்ப்டனே உட்கார்ந்து தட்டிச் சரிசெய்தார். நம்மிடம் இருப்பது ஃபைபர் டேப், விழுந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

வாய்க்கால் தின்ற இடம்

ஆ–இ என்ற 168 அடி, கயிறு கட்டி அளந்த நேர்கோடு. உண்மையில் வாய்க்கால் அந்தக் கோட்டைத் தாண்டி வயலுக்குள் வருகிறது. வாய்க்கால் காய்ந்து கிடந்ததால் கயிறு அதன் மேலேயே போனது; எங்களுக்கும் அதில் இறங்கி நிற்க முடிந்தது. கயிற்றில் 24 அடிக்கு ஒரு துணி முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் கரையின் உள்ளோரம் வரை, அதாவது பயிர் வைக்கக்கூடிய தரை தொடங்கும் இடம் வரை, செங்குத்தாக அளந்தோம். வடக்கிலிருந்து 3, 5½, 7, 6½, 4½, 2 அடி. இரண்டு முனைகளிலும் பூஜ்யம்.

இப்படிச் சம இடைவெளியில் எடுத்த குறுக்களவுகளைக் கூட்டி இடைவெளியால் பெருக்கினால் போதும். கூட்டுத்தொகை 28½, 24-ஆல் பெருக்க 684 சதுர அடி. முனைகளில் வரும் இரண்டு சிறு முக்கோணங்களும் நடுவில் வரும் சரிவகங்களும் சேர்ந்து இந்தச் சுருக்கமாகிவிடுகின்றன. வளைவு அதிகமான வாய்க்கால் என்றால் 24 அடிக்குப் பதில் 10 அடிக்கு ஒரு முடிச்சுப் போட வேண்டியிருக்கும்.

26,560-இல் 684 போக 25,876 சதுர அடி. 59.4 சென்ட். குழியில் 180-க்குக் கொஞ்சம் குறைவு. அதாவது "இருபது குழி குறைய ரெண்டு மா". இத்தனை காலம் பத்துக் குழி கூடுதலாக நடவுக் கூலி கொடுத்திருக்கிறார்கள், பத்துக் குழி கூடுதலாகக் குத்தகை வாங்கியிருக்கிறார்கள். இரண்டையும் கழித்தால் யாருக்கு லாபம் என்று அத்தை கேட்டார். மாமா வெற்றிலைப் பெட்டியைத் தேடினார்.

பட்டாவில் 0 ஹெக்டேர் 24.50 ஏர் என்று இருக்கிறது. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். அப்படியானால் 2,450 சதுர மீட்டர், 26,372 சதுர அடி, 60½ சென்ட். எங்கள் அளவைவிட 496 சதுர அடி கூடுதல். வாய்க்கால் ஓரக் கரை சுமார் மூன்று அடி அகலம், 168 அடி நீளம், பெருக்கினால் 504. நாங்கள் கரையை விட்டுவிட்டுப் பயிர்த்தரையை மட்டும் எடுத்ததால் இந்த வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் பொருந்தி வருகிறது. பட்டா அளவும் நம் அளவும் ஒன்றாக இல்லையே என்று பதறுவதற்கு முன் வரப்பிலும் கரையிலும் எந்த ஓரத்திலிருந்து அளந்தோம் என்று பார்க்க வேண்டும்.

பாதியாக்குவது

பாதி என்றால் 12,938 சதுர அடி. முக்கோணத்தில் ஒரு வசதி உண்டு. ஒரு மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் கோடு போட்டால், எதிர்ப்பக்கம் எந்த விகிதத்தில் பிரிகிறதோ அதே விகிதத்தில் பரப்பும் பிரியும். இரண்டு துண்டுக்கும் உயரம் ஒன்றே என்பதுதான் காரணம். உயரம் எத்தனை அடி என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை.

முதலில் காகிதத்தில் போட்டது: இ மூலையிலிருந்து வடக்கு வரப்புக்கு ஒரு கோடு. மேற்கு முக்கோணம் 9,178 ஏற்கெனவே கையில் இருக்கிறது. பாதிக்கு இன்னும் 3,760 வேண்டும். அது 17,382-இல் 0.2163 பங்கு. 214 அடியில் அதே பங்கு 46 அடி 3 அங்குலம். அ மூலையிலிருந்து 46 அடி 3 அங்குலத்தில் முளை அடித்து, இ மூலையோடு சேர்த்து வரப்புப் போட்டால் சரிபாதி. கணக்கு அழகாக இருந்தது.

மாமா காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "மேலப் பாகத்துக்குத் தண்ணி எங்கேர்ந்து வரும்?" வாய்க்கால் முழுவதும் கிழக்குப் பங்குக்குப் போய்விடுகிறது. மேற்குப் பங்குக்கு இ மூலையில் ஒரு புள்ளிதான் மிச்சம். அங்கே மடை வைத்தால் வயலின் வாலிலிருந்து தலைக்குத் தண்ணீர் ஏற வேண்டும். இன்று அண்ணன் தங்கை ஒற்றுமையாக இருக்கிறார்கள். அடுத்த தலைமுறையில் மடைச் சண்டை வரும். பரப்பு மட்டும் சமமாக இருந்தால் பங்கு சமமாகிவிடாது என்பதில் மாமா சொன்னதற்கு மறுபேச்சு இல்லை.

எனவே இரண்டு பங்குக்கும் வாய்க்கால் ஓரம் சமமாக வரவேண்டும் என்பதை முதல் விதியாக வைத்தோம். ஆ–இ கயிற்றின் நடுப்புள்ளி, 84-ஆவது அடி; அதற்கு ம என்று பெயர். அங்கிருந்து மேற்கு வரப்பில் எந்த இடத்துக்குக் கோடு போட்டால் பாதி வரும்?

வடக்குப் பங்கை இரண்டு முக்கோணமாகக் கட்டினோம். முதலாவது அ–ஆ–ம. ம நடுப்புள்ளி என்பதால் இது 17,382-இல் சரிபாதி, 8,691. அதில் வாய்க்கால் வளைவு தின்ற வடபாகம் 370 போக 8,321. பாதிக்கு இன்னும் 4,617 வேண்டும். அது அ–ம–ஈ என்ற முக்கோணத்திலிருந்து வர வேண்டும். அந்த முக்கோணத்தின் பரப்புத் தெரிய ம-விலிருந்து அ மூலைக்கும் ஈ மூலைக்கும் டேப் போட்டோம். 209 அடி, 165 அடி. மூன்றாவது பக்கம் மேற்கு வரப்பு, 152. ஹெரான் சூத்திரத்தில் 263, 54, 98, 111, மூலம் 12,429. இதில் 4,617 என்பது 0.3715 பங்கு. 152 அடியில் 56½ அடி.

மேற்கு வரப்பில் அ மூலையிலிருந்து 56½ அடியில் முளை. அதிலிருந்து ம வரை கயிறு.

தெற்குப் பங்கைத் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தோம். அ–ம–ஈ முக்கோணத்தின் மிச்சம் 7,812. ம–இ–ஈ முக்கோணம் 84, 131, 165 பக்கங்களுடன் 5,450. வளைவு தின்ற தென்பாகம் 314 கழித்தால் 12,948. வடக்குப் பங்கைவிடப் பத்துச் சதுர அடி கூடுதல். ஒரு நாற்று முடிகூடச் செலவாகாத இடம். இரண்டு அடி அகலத்தில் புதுவரப்புப் போட, கயிற்றின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி எடுத்துக்கொண்டால் 179 அடி நீளத்துக்கு இரண்டு பங்கும் சமமாகவே இழக்கும். மடை ஏற்கெனவே ஆ மூலையில் இருக்கிறது; தெற்குப் பங்குக்கு ம-வுக்குக் கீழே புதிதாக ஒரு மடைக்குழாய் போட வேண்டும்.

ஹெரான் ஒத்துவராத துண்டு

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சாலையோரமாக மாமாவுக்கு இன்னொரு சிறு துண்டு இருக்கிறது. வால் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நீளம் 120 அடி, மற்ற இரண்டு பக்கம் 70, 52. ஒல்லி முக்கோணம். இதற்கும் ஹெரான் சூத்திரம் போட்டால் 652 சதுர அடி வருகிறது. ஆனால் 120-ஐ அரை அடி குறைத்து 119½ என்று எழுதியிருந்தால் 726 வந்திருக்கும். டேப்பில் அரை அடி, பரப்பில் ஒன்பதில் ஒரு பங்கு! இரண்டு சிறு பக்கமும் சேர்ந்து 122, நீளப் பக்கம் 120. நடுவில் இருக்கும் அந்த இரண்டு அடியில்தான் முக்கோணத்தின் உயரமே ஒளிந்திருக்கிறது. அதில் கை வைத்தால் எல்லாம் ஆடிவிடும்.

இந்த மாதிரித் துண்டுக்குப் பழைய வழிதான் நல்லது. அடிப்பக்கத்தில் பாதியைச் செங்குத்துயரத்தால் பெருக்குவது. ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டு நூலில் சொன்னதும் இதுதான். செங்குத்தைக் கண்டுபிடிக்க மூலைமட்டம் வேண்டாம். நீளப் பக்கத்தில் கயிறு கட்டு. எதிர் மூலையில் டேப்பின் பூஜ்யத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையைக் கயிற்றின் மேல் இடமும் வலமும் ஆட்டிப் பார். எங்கே அளவு மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் உயரம். எங்களுக்கு 10 அடி 11 அங்குலம் வந்தது. 60-ஆல் பெருக்கினால் 655. இப்போது நீளத்தில் அரை அடி தவறினாலும் பரப்பில் மூன்று சதுர அடிகூட மாறாது. பெரிய வயலை முக்கோணமாகப் பிரிக்கும்போதும் இதைக் கவனித்தால் நல்லது. ஒல்லித் துண்டு வராதபடி குறுக்குக்கோட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வந்தே தீரும் என்றால் அந்தத் துண்டுக்கு மட்டும் உயரத்தை அளக்க வேண்டும்.

வால் ஒன்றரை சென்ட்தான். அதைப் பிரிக்க வேண்டாம், வாழைக்கன்று வைத்துக்கொள்கிறேன் என்று அத்தை சொல்லிவிட்டார்.

நாம் டேப் பிடித்து அளந்தது வீட்டுக்குள் பேசி முடிக்கத்தான். பத்திரம், தனிப்பட்டா என்று போகும்போது உட்பிரிவுக்கு மனுக் கொடுத்து, அரசு நில அளவர் வந்து அளந்து கல் போட்டால்தான் செல்லும். அவர் வரும்போது காட்ட, எல்லா நீளங்களையும் இரண்டு குறுக்குக்கோட்டையும் எழுதிய படம் ஒன்றைப் பெரிய தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். மூலை முளைகளை மாடு உரசிச் சாய்த்துவிடும் என்பதால், ஒவ்வொரு முளைக்கும் பக்கத்திலுள்ள தென்னை, மதகுச் சுவர் போன்ற நகராத இரண்டு பொருள்களிலிருந்து தூரத்தையும் அதே தாளில் குறித்திருக்கிறேன். முளை காணாமல் போனாலும் அந்த இரண்டு தூரத்தை வைத்து அதே இடத்தில் மறுபடி அடித்துக்கொள்ளலாம்.